ஓட்டுக்குக் காசு வாங்கினீர்களா? கேட்கும் முறைகளில் எது தேறும்?

"ஓட்டுக்குப் பணம் வாங்கினீங்களா?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். "சேச்சே, நம்ம ஊர்ல அந்தப் பழக்கமே இல்ல சார்" என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போது அவர் பார்த்தது என்னையல்ல, எதிர்வீட்டு வாசலில் நின்றவரை. மூன்று வீடு தள்ளி ஓர் அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "கீழத்தெருவுக்கு ரெண்டாயிரம், எங்களுக்கு ஆயிரம்தான். இது நியாயமா, நீயே சொல்லு தம்பி" என்று என்னிடமே பஞ்சாயத்து வைத்தார். என் படிவத்தில் விழுந்தது ஓர் 'இல்லை', ஓர் 'ஆம்'. இரண்டில் எதை வைத்து ஊர் நிலவரத்தைச் சொல்வது?

கூச்சப்பட வைக்கும் கேள்விகளுக்கு உண்மையான பதிலை வாங்கத்தான் சர்வே சோதனைகள் என்று ஒரு வகையே வளர்ந்திருக்கிறது. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் ஒரு மாதிரியும் மறுபாதியிடம் வேறு மாதிரியும் கேட்பது இதில் பொதுவான வழி. இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசத்தில் விடை இருக்கும். அதிகம் பேசப்படுவது பட்டியல் முறை. அதற்குக் கிடைத்திருக்கும் பெயர் கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி.

பட்டியல் முறை ஒரு நல்ல தந்திரம், அதில் சந்தேகமில்லை. நிகரகுவாவில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் இதைச் செய்து பார்த்தார்கள். சுவரொட்டி ஒட்டினார்கள், வீட்டுக்கு வந்தார்கள், டிவி, ரேடியோவில் விளம்பரம் செய்தார்கள் என்ற மாதிரி பிரசாரச் செயல்களின் பட்டியல் ஒரு பாதிக்குப் போனது. மறுபாதிக்கு அதே பட்டியலோடு கூடுதலாக ஒரு வரி: பரிசோ உதவியோ கொடுத்தார்கள். எவையெவை நடந்தன என்று யாரும் சொல்ல வேண்டாம், எத்தனை நடந்தன என்று எண்ணிக்கை மட்டும் போதும். முதல் பாதியின் சராசரி 2.10, இரண்டாம் பாதியின் சராசரி 2.34 என்று வைத்துக்கொண்டால், அந்த 0.24 கூடுதல் வரியால் வந்தது. அதாவது 24% பேர். நிகரகுவாவில் கிடைத்த விடையும் சுமார் 24% தான். நேரடியாகக் கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் 2% சொச்சம். பத்து மடங்கு வித்தியாசம்! இந்த ஒரு முடிவைக் காட்டியே எத்தனையோ பேர் இந்த முறைக்கு மாறியிருப்பார்கள்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இப்படித்தான். கறுப்பினக் குடும்பம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் கோபம் வருமா என்பதை, பெட்ரோல் வரி உயர்வு போன்ற வேறு எரிச்சல்களோடு பட்டியலில் கலந்து கேட்டார்கள். 1997இல் வெளியான அந்த ஆய்வில் தென்பகுதி வெள்ளையரில் சுமார் 42% பேருக்குக் கோபம் வந்ததாகக் கணக்கு வந்தது. மற்ற பகுதிகளில் சுமார் 10%.

சரி, சிக்கல் எங்கே? முதலில் ஆள் கணக்கு. பாதிக்கு 500 பேர் என்று ஆயிரம் பேரிடம் போனால், பட்டியல் முறையில் வரும் விடைக்கு மேலும் கீழும் சுமார் 12 சதவீதப் புள்ளி தள்ளாட்டம் உண்டு. 24 என்றால் அது 12 ஆகவும் இருக்கலாம், 36 ஆகவும் இருக்கலாம். அதே ஆயிரம் பேரிடம் நேராகக் கேட்டிருந்தால் தள்ளாட்டம் 3 புள்ளியைத் தாண்டாது. ரகசியத்துக்குக் கொடுக்கும் விலை அவ்வளவு.

இன்னொரு சிக்கல் ஆபீசில் உட்கார்ந்தால் தெரியாது, களத்தில்தான் தெரியும். ஒரு பாட்டியிடம் பட்டியலைப் படித்தேன். எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். முதல் வரி முடிவதற்குள் "ஆமா, ஒட்டுனாங்க". அடுத்ததற்கு "வந்தாங்க, காபி கூடக் குடிச்சாங்க". ஐந்தாவது வரிக்கு வரும்போது ரகசியம் என்று மிச்சம் எதுவும் இல்லை. கடைசியில் "மொத்தம் எத்தனை பாட்டி?" என்றால், "நீதானே எழுதிட்டிருக்க, நீயே எண்ணிக்கோ". சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மனதுக்குள் எண்ணி வைத்துக்கொள்வது எல்லாருக்கும் எளிதல்ல. கென்யாவில் இந்த முறை இப்படித்தான் இடறியது, அதுவும் படிப்பு குறைந்தவர்களிடம் அதிகமாக. அப்புறம், பட்டியலில் உள்ள எல்லாமே ஒருவருக்கு நடந்திருந்தால் 'ஐந்து' என்று சொல்வதே வாக்குமூலம் ஆகிவிடும்.

இதற்குப் போட்டி பகடை முறை. இதன் மூல யோசனையை 1965இல் முன்வைத்தவர் ஸ்டான்லி வார்னர். இப்போது புழக்கத்தில் உள்ள ஒரு வடிவத்தில், பதில் சொல்பவர் நமக்குக் காட்டாமல் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும், 6 விழுந்தால் 'ஆம்' என்று சொல்ல வேண்டும், மற்ற எண்களுக்கு உண்மை. 600 பேரில் 240 பேர் 'ஆம்' என்றால், அதில் சுமார் 100 பேரைச் சொல்ல வைத்தது பகடை. மிச்சம் 140. உண்மை சொல்ல வேண்டியிருந்தவர்கள் சுமார் 400 பேர். ஆக 35%. யார் உண்மை சொன்னார், யாரைப் பகடை சொல்ல வைத்தது என்று கேட்டவருக்கே தெரியாது.

காகிதத்தில் அருமையாக இருக்கும். வாசலில் பகடையை எடுத்தால் "இது என்ன தாயம் ஆடவா வந்தீங்க?" என்பார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், பணமே வாங்காத ஒருவருக்கு 6 விழுவது. விதிப்படி 'ஆம்' என்று சொல்ல வேண்டும். மனசு கேட்காது, 'இல்லை' என்றுவிடுவார். அப்படி நாலு பேர் செய்தால் கணக்கு கீழே இறங்கிவிடும்.

ஆனாலும் நிஜத் தேர்தல் முடிவோடு வைத்துப் பார்த்த போட்டியில் ஜெயித்தது பகடைக் குடும்பம்தான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2011இல் கருக்கலைப்பை அடியோடு தடுக்கக்கூடிய ஒரு சட்டத்திருத்தம் பொதுவாக்கெடுப்புக்கு வந்து, சுமார் 58% எதிர்ப்பில் தோற்றது. தேவாலயச் செல்வாக்கு மிகுந்த அந்த ஊர்களில் 'நான் எதிர்த்துப் போட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்வது சுலபமல்ல. ரோசன்ஃபெல்ட், இமாய், ஷாபிரோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் நேர்க்கேள்வி உட்பட நான்கு முறைகளில் கேட்டு, பதில்களை மாவட்டவாரி வாக்குகளோடு ஒப்பிட்டார்கள். நேர்க்கேள்வி எதிர்ப்பை நன்றாகக் குறைத்துக் காட்டியது. பட்டியல் பரவாயில்லை. பகடை முறை போலத் தற்செயலைக் கலந்து கேட்ட முறையே உண்மைக்கு மிக அருகில் வந்தது. அங்கே நன்றாகப் புரிய வைத்துக் கேட்டிருக்கிறார்கள். நம் தெருமுனையில் அதே பலன் கிடைக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, ஜோடித் தேர்வு. இரண்டு கற்பனை ஆட்களின் விவரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்பது. வயது, படிப்பு, பூர்வீகம் எல்லாம் குலுக்கலில் மாறும். சுவிட்சர்லாந்தின் சில ஊர்களில் 2003 வரை குடியுரிமை விண்ணப்பங்களையே ஊர்மக்கள் ரகசிய வாக்கில் முடிவு செய்தார்கள். விண்ணப்பித்தவர் யார் என்று துண்டறிக்கை வீட்டுக்கு வரும். அந்த நிஜ முடிவுகளோடு ஹைன்முல்லர், ஹாங்கார்ட்னர், யமமோட்டோ ஆகியோர் 2015இல் ஒப்பிட்டபோது, ஜோடித் தேர்வு சராசரியாக 2 புள்ளி வித்தியாசத்துக்குள் நின்றது. துருக்கி, யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த விண்ணப்பதாரர்களை ஒதுக்கியவர் 'படிப்பைப் பார்த்தேன்' என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது, அதனால் உண்மை வெளியே வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் இது விருப்பு வெறுப்பை அளக்கும் கருவி. 'நீ வாங்கினாயா' என்ற கேள்விக்கு இதனால் பயனில்லை.

இனி மூன்று முறைகளுக்கும் சேர்த்து ஒரு தலைவலி. பிளேர், காப்பக், மூர் ஆகியோர் 30 ஆண்டுப் பட்டியல் சோதனைகளைத் திரட்டி 2020இல் அலசினார்கள். மறைப்பதால் வரும் பிழை பெரும்பாலும் 10 புள்ளிக்கும் குறைவு, சில விஷயங்களில் கிட்டத்தட்டப் பூஜ்யம். பத்துப் புள்ளிப் பொய்யைப் பிடிக்க 12 புள்ளி தள்ளாடும் கருவி எதற்கு?

நம் ஊர்க் கதையில் இன்னொன்றும் உண்டு. 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடா புகாரில் ரத்தாயின. இந்த அளவுக்கு ஊரறிந்த விஷயத்தில் எல்லாரும் கூச்சப்படுவார்கள் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அந்த அக்காவுக்கு ஆயிரம் வாங்கியது வெட்கமாக இல்லை, ரெண்டாயிரம் வராததுதான் குறை.

அதனால் கையில் ஆயிரம் பேருக்கான காசுதான் இருக்கிறது என்றால், நான் பட்டியலைத் தொட மாட்டேன். நேராகவே கேட்பேன், ஆனால் வாயால் அல்ல. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வட்டம், பூட்டிய ஒரு பெட்டி. டிக் அடித்து மடித்துப் போட்டுவிட வேண்டியதுதான். எதிர்வீட்டுக்காரர் வாசலிலேயே நிற்கட்டும். நாலாயிரம் பேருக்கு நிதி கிடைத்தால் பட்டியலைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் பாட்டியிடம் முதலில் ஒத்திகை பார்த்த பிறகு.