குடித்தாலும் கெட்டிக்காரர்: 'ஃபிளைட்' திரைப்படம்

"குடித்தாலும் வேலையில் கெட்டிக்காரர்" என்று, தோட்டத்தில் லாரி ஓட்டிய என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாதவர்கள் எங்கள் உறவில் இல்லை. பெரியம்மா பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோனது. ராபர்ட் செமெக்கிஸ் இயக்கி 2012இல் வெளிவந்த 'ஃபிளைட்' படத்தைப் பிரிக்பீல்ட்சில் உள்ள எங்கள் வீட்டில் சென்ற வாரம் பார்த்து முடித்தபோது, அந்தச் சொல்லைத்தான் இப்படம் விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது என்று உணர்ந்தேன்.

டென்சல் வாஷிங்டன் ஏற்றுள்ள விப் விட்டேக்கர் என்னும் விமானி, இரவெல்லாம் குடித்துவிட்டு, காலையில் கொக்கைன் இழுத்துத் தெளிந்து, ஒர்லாண்டோவிலிருந்து அட்லாண்டாவுக்கு 102 பேருடன் விமானத்தை எடுக்கிறார். வால்பகுதிக் கருவி பழுதாகி விமானம் மூக்குக் குத்தி இறங்கும்போது, அதைத் தலைகீழாகப் புரட்டி, சமன்படுத்தி, வயல்வெளியில் இறக்கிவிடுகிறார். 96 பேர் பிழைக்கின்றனர். இது வெறும் கற்பனை அன்று. 2000 ஜனவரி 31 அன்று 88 உயிர்களுடன் கலிபோர்னியாக் கடலில் விழுந்த அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானத்திலும் வால்பகுதித் திருகுத்தண்டு அமைப்பின் மரைகள் தேய்ந்திருந்தன. அதன் விமானிகளும் கடைசி நொடிகளில் தலைகீழாகப் பறந்தபடியே போராடினர்.

அதே நிலையை, விமானம் ஓட்டிப் பழகும் பாவனைக் கருவியில் பத்து விமானிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவராலும் விமானத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்று படத்தில் ஒரு செய்தி வருகிறது. பழுது விமானத்தில்தான், திறமையும் இவரிடம்தான் என்றால், குடித்ததைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? கதாசிரியர் ஜான் கேட்டின்ஸ் இக்கேள்வியை எளிதாக்காமல் கடைசிவரை கொண்டு செல்வதே எழுத்தின் பெருமை.

விபத்து பற்றிய விசாரணைக்கு முந்திய இரவில், விட்டேக்கர் தங்கும் விடுதி அறையின் குளிர்பெட்டியில் மதுவே இல்லாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து அறைக்கான கதவு பூட்டப்படவில்லை. அங்கே எடுத்த சிறு வோட்காப் புட்டியைத் திறந்து முகர்ந்து, பெட்டியின் மேல் வைத்துவிட்டு அவர் நகர, புட்டி மட்டும் திரையில் நிற்கிறது. அந்த அமைதியில், "வேண்டாம்" என்று நான் வாய்விட்டே சொன்னேன். மறுகணம் ஒரு கை பாய்ந்து வந்து அதைப் பறித்துக்கொள்கிறது. குடியடிமைத்தனத்தை ஒரு சொல்கூட இல்லாமல் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுநாள், அவர் காலி செய்த புட்டிகளின் பழியை இறந்துபோன விமானப் பணிப்பெண்ணின்மேல் போட்டுத் தப்பிக்க வழி திறக்கிறது. அங்கே வாஷிங்டன் தண்ணீர் குடித்து, தயங்கி, பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்துக்காகவே இந்த 138 நிமிடங்களைச் செலவிடலாம்.

குறைகளும் உண்டு. கெல்லி ரெய்லியின் நிக்கோல், போதையிலிருந்து மீளும் பாதையில் நன்றாகத் தொடங்கிப் பாதியிலேயே கைவிடப்படுகிறார். கொக்கைன் கொண்டுவரும் நண்பனைக் கலகலப்பானவனாகக் காட்டியதும் எனக்கு ஒப்பவில்லை. தொடக்கக் காட்சியிலேயே நிர்வாணமும் போதைப்பொருளும் வருவதால், பிள்ளைகள் உறங்கிய பின் பார்ப்பது நல்லது.