பழைய ஆர்கேட் கேபினெட்: எதைப் பார்த்து எடுப்பது?

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கி, உள்ளே கணினி வைத்து ஆட நினைத்தால், என் ஓட்டு ஜாமா (ஆர்கேட் கேம் பலகைகளுக்கான பொது இணைப்பு முறை) வயரிங் உள்ள கேபினெட்டுக்குத்தான். 1985-இல் வந்த அந்த 56 முனை இணைப்பு அப்படியே இருந்தால், ஜாமா வயரிங்கைக் கணினியோடு சேர்க்கும் ஜே-பேக் பலகை ஒன்றைச் செருகி ஜாய்ஸ்டிக், பட்டன்கள், பழைய சிஆர்டி (கண்ணாடிக் குழாய்) திரை மூன்றையும் கணினியோடு இணைத்துவிடலாம், ஆனால் பெரும்பாலான பழைய திரைகள் 15 கிலோஹெர்ட்ஸ் வீடியோ சிக்னலை (கணினிகள் வழக்கமாகத் தருவதைவிடக் குறைந்த அதிர்வெண்) மட்டுமே ஏற்கும் என்பதால் கணினி அதைத் தருமா என்று முதலில் பாருங்கள். சரி, மரம்? அடிப்பக்கம் ஈரத்தில் ஊதியிருந்தால் வேண்டவே வேண்டாம். பெயின்ட், ஸ்டிக்கர் போனால் பரவாயில்லை. சிஆர்டியின் பின்பக்கம் மட்டும் கவனம், அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். அப்புறம் ஒன்று: முழுசாக வேலை செய்கிற அரிய கேபினெட்டை தயவுசெய்து பிரிக்காதீர்கள், கேம் பலகை ஏற்கெனவே போய்விட்டதைத் தேடி எடுங்கள்.