மலையில் இழுவை குறைந்த பழைய ஜீப்பும் தேவையில்லாத இன்ஜின் வேலையும்: ஓர் எச்சரிக்கை

பழைய டீசல் ஜீப்பை மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் அதைப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சமவெளியில் நன்றாக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் இழுவை இழக்கிறது என்று சொல்லி அதை ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். டேங்க்கிலிருந்து, இன்ஜினுக்கு டீசலைச் செலுத்தும் பம்ப் வரை டீசல் ஒழுங்காக வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் இன்ஜினை இறக்கி, 80,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, அதே குறையுடன் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையான குறை டேங்க்கின் அடியிலும் அதிலிருந்து வரும் ஒரு ரப்பர் குழாயிலும் இருந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு, இவர்கள் வாங்கிய தொகையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. புகார் கொடுக்கும் நிலையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட, அவர்கள் எந்த வழியில் ஏமாற்றினார்கள் என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

எங்களுடையது மகிந்திரா எம்.எம். 540. பெஜோ வடிவமைத்த எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின் அதில் இருக்கிறது. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 2112 சி.சி., கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ கிடையாது. புதிதாக இருந்தபோதே அறுபது குதிரைத்திறனை ஒட்டிய வண்டிதான் என்பதால், மலையில் வேகமாக ஏறும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் இரண்டாவது கியரில் மூச்சுவாங்காமல் சீராக ஏறும். கொல்லிமலையில் உள்ள எங்கள் மிளகுத் தோட்டத்துக்கு ஆட்களையும் உரமூட்டைகளையும் கொண்டு செல்வதுதான் அதன் வேலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு போகும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், இன்ஜினில் சின்னக் குறை இருந்தாலும் அந்தப் பாதை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

குறை வந்த விதம் மிகத் தெளிவாக இருந்தது. அடிவாரம் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. ஏற்றத்தில் சில வளைவுகள் தாண்டியதும் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் வேகம் கூடாது. இன்ஜின் சத்தம் மெல்லத் தளர்ந்து, முதல் கியருக்கு வந்தும் இழுக்காமல் நின்றுவிடும். பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்தால், எதுவுமே நடக்காததுபோல் இன்னும் சில வளைவுகள் ஏறும். சைலன்சரில் கரும்புகை வரவே இல்லை. அதிகாலைக் குளிரிலும், ஸ்டார்ட் ஆவதற்காக சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டரைப் போட்டவுடன் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. இவை எல்லாவற்றையும் பட்டறை உரிமையாளரிடம் விவரமாகச் சொன்னேன். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

அவர் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்" என்றார். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், காதால் கேட்டுச் சொல்லும் விஷயமல்ல. ஹீட்டர் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டராகச் சுற்றவிட்டு அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, நான்குக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜினை இறக்குவதோடு ஒப்பிட்டால் இது சிறிய வேலை. அந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் இன்ஜினைத் தொட வேண்டும் என்று நான் கேட்டேன். "பார்த்தாச்சு" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், எந்த சிலிண்டரில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கை இன்றுவரை காட்டவில்லை. கம்ப்ரஷன் உண்மையிலேயே குறைந்த டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆவதற்கே திணறும், வெண்புகை விடும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வரும், ஆயிலும் குறைந்துகொண்டே போகும். எங்கள் வண்டியில் இந்த அடையாளங்களில் ஒன்றுகூட இல்லை. நின்று இளைப்பாறினால் சரியாகிவிடும் கம்ப்ரஷன் என்று ஒன்று கிடையவே கிடையாது. பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் காக்கும் ரிங் தேய்ந்துவிட்டால், சற்று நேரத்தில் வளர்ந்துவிடாது.

வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது கொடுத்தது வெள்ளைத் தாளில் எழுதிய ஒரு கணக்கு. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது) நான்கு, டீசல் பில்டர் இரண்டு, பம்ப் காலிபரேஷன் (பம்ப் தரும் டீசல் அளவைச் சரிப்படுத்துவது), கூலி என்று வரிசையாக எழுதி, அடியில் மொத்தத் தொகையை மட்டும் போட்டிருந்தார்கள். எந்தப் பொருள் எந்த விலை, எந்தக் கடையில் வாங்கியது, பம்ப் வேலையை எந்த லேபில் (டீசல் பம்ப்புகளைச் சோதிக்கும் இடம்) செய்தார்கள் என்ற விவரம் எதுவும் இல்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது காயலான் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்ஜினைத் திறந்திருக்கிறார்கள் என்பதற்குப் புது கேஸ்கட்டும் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட அடையாளமும் இருந்தன. அதை நான் மறுக்கவில்லை. திறப்பதற்கு என்ன காரணம் இருந்தது என்பதைத்தான் அவர்களால் காட்ட முடியவில்லை.

மலையில் ஏறியதும் அதே இடத்தில், அதே விதமாக இன்ஜின் தளர்ந்தது. போதாதற்குப் புதிதாக ஒரு கேடும் சேர்ந்திருந்தது: முன்பு புகையே இல்லாத வண்டி, சமவெளியில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் கரும்புகை கக்கியது. பம்ப்பில் அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகின் சீலை உடைத்து, அளவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். இழுவை இல்லை என்று வரும் வண்டிகளுக்குப் பல இடங்களில் செய்யும் குறுக்குவழி இது. ஓட்டிப் பார்க்கும்போது பிக்கப் கூடியதுபோல் தோன்றும். ஆனால் உள்ளே போகும் காற்றுக்கு மேல் டீசலைப் போட்டால் அது முழுமையாக எரியாது, புகைபோக்கியின் சூடு ஏறும், நீண்ட ஏற்றத்தில் ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டனும் பாதிக்கப்படும், புகைச் சான்றிதழ் சோதனையிலும் வண்டி தேறாது. இதைக் காட்டிக் கேட்டபோது உரிமையாளர், "முப்பது வருஷத்து வண்டி சார், மலையில இவ்வளவுதான் இழுக்கும். வேணும்னா வேற இன்ஜின் மாத்திடலாம்" என்றார். பெருந்தொகைக்கு இன்ஜின் வேலை செய்து முடித்த கையோடு அந்த இன்ஜினையே மாற்றலாம் என்று சொல்வதைக் கேட்ட பிறகு, இனி அங்கே பேசுவதில் பயனில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மலை உயரத்தால் இழுவை குறையும் என்பது உண்மைதான். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் காற்று குறைகிறது. அந்த அளவுக்குத் திறனும் குறையும். ஆனால் அது ஏற ஏறப் படிப்படியாகக் குறைவது. அடிவாரத்தை ஒட்டிய வளைவுகளிலேயே வண்டி நின்றுபோவதற்கும், சற்று நேரம் நிறுத்தினால் மீண்டும் இழுப்பதற்கும் உயரம் காரணமாக இருக்க முடியாது. இந்தக் காரணத்தை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

குறையைக் கண்டுபிடித்தவர் அடிவாரத்தில் சிறிய கொட்டகை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, ஏற்றத்தில் தளரும்போது புகை வருகிறதா என்பதை மட்டும் திரும்பத் திரும்ப விசாரித்தார். இழுவை இல்லாமல் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்று ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் இன்ஜினுக்கு டீசலே போய்ச் சேரவில்லை என்பது அவருடைய கணக்கு. சமவெளியில் இன்ஜின் கேட்கும் டீசல் குறைவு, அதனால் அரைகுறையாக அடைத்த குழாயும் தாக்குப்பிடிக்கும். ஏற்றத்தில் முழு அளவும் தேவைப்படும்போது அது வந்து சேராது. இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வண்டி நகராவிட்டால் கிளட்ச் நழுவுகிறது என்றும், ஓடி நின்றதும் ஏதாவது ஒரு சக்கரத்தின் டிரம் மட்டும் தொட முடியாமல் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்றும் சொல்லி, இரண்டும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். ஆக்சிலேட்டரை என்னை முழுவதும் மிதிக்கச் சொல்லி, பம்ப்பில் உள்ள லீவர் கடைசி வரை போகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தார். இதற்கெல்லாம் ஸ்பானரே தேவைப்படவில்லை.

பிறகு அவர், "டேங்க்கை நம்பாதீங்க தம்பி, முதல்ல கேன்ல ஓட்டிப் பாப்போம்" என்றார். சுத்தமான டீசல் ஊற்றிய கேன் ஒன்றைக் கவிழாதபடி கட்டி வைத்து, டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து புதுக் குழாய் கொடுத்தார். திரும்பி வரும் டீசல் குழாயையும் அதே கேனுக்குள் விட்டார். கேனை மேலே தூக்கி வைத்தால் டீசல் தானாகவே வடிந்து இறங்கி, பம்ப்பின் இழுப்பில் உள்ள குறையை மறைத்துவிடும் என்பதால், டேங்க் இருக்கும் மட்டத்திலேயே அதை வைத்தார். இந்த ஒரு நுணுக்கத்திலேயே அவருடைய கைப்பழக்கம் தெரிந்தது. வண்டி நிற்காமல் மேலே ஏறியது. அப்படியானால் பில்டர், பம்ப், நாசில், இன்ஜின் ஆகிய எதுவும் இந்தக் குறைக்குக் காரணமில்லை. கேன் எந்தப் பகுதிக்குப் பதிலாக வைக்கப்பட்டதோ அந்தப் பகுதியில், அதாவது டேங்க்கிலோ அதிலிருந்து வரும் குழாயிலோதான் குறை இருக்க வேண்டும்.

டேங்க்கை இறக்கிக் கவிழ்த்தபோது துருத் தூளும் பழுப்பு நிறக் கசடும் சேர்ந்து கொட்டின. டீசலை உறிஞ்சும் குழாயின் முனையில் உள்ள வலை முக்கால்வாசி மூடிக் கிடந்தது. ஏற்றத்தில் வேகமாக உறிஞ்சும்போது கசடு முழுவதும் வந்து வலையில் அப்பிக்கொள்கிறது, வண்டி நின்றதும் உதிர்ந்து கீழே படிந்துவிடுகிறது. சற்று நேரம் நின்றால் வண்டி சரியாவதற்கு இதுதான் காரணம். ரப்பர் குழாய் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. அவர் அதைக் கத்தியால் நெடுக்காகக் கீறிப் பிளந்து காட்டினார்: உள்தோல் ஓரிடத்தில் உரிந்து நாக்கைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது, உறிஞ்சும் திசையில் மடங்கி வழியை அடைத்திருக்கிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் ஊசி விட்டுச் சுத்தம் செய்தார். அந்தத் துளை அடைத்தாலும் இதே குறை வரும் என்றும், வண்டி தளர்ந்ததும் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் அதுதான் காரணம் என்றும் சொன்னார்.

பட்டறையின் கணக்கு எவ்வளவு பொய் என்பது இதற்குப் பிறகுதான் வெளிப்பட்டது. புதிதாக மாற்றியதாக எழுதியிருந்த இரண்டு டீசல் பில்டர்களில் முதலாவதான துணி பில்டரைத் திறந்து பார்த்தபோது அது கருத்து, பிசுபிசுத்து, அதன் ரப்பர் வளையம் தட்டையாகக் கல்போல இறுகிக் கிடந்தது. பம்ப்பையும் நாசில்களையும் ஒரு டீசல் லேபில் கொடுத்துச் சோதித்தேன். நான்கு நாசில்களும் பழையவை. கழுத்தில் ஆண்டுக்கணக்கான கரி இறுகியிருந்தது, இரண்டு நாசில்கள் பூவாகத் தெளிக்காமல் சொட்டுச் சொட்டாக ஒழுகின. பம்ப்பில் சீல் உடைந்திருந்ததையும், டீசல் அளவு வரம்புக்கு மேல் இருந்ததையும், சோதனை மேடையில் ஓட்டி எடுத்த அளவுகளுடன் லேபில் எழுதிக் கொடுத்தார்கள். காலிபரேஷன் செய்ததாகப் பணம் வாங்கிய பம்ப் அது.

இதே குறையோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கேனில் ஓட்டிப் பார்க்காமலும், கம்ப்ரஷன் அளவுகளை சிலிண்டர்வாரியாக எழுதி வாங்காமலும் இன்ஜினைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள். பழைய பாகங்களை உங்களிடமே தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். பம்ப் வேலை என்றால் லேபின் சோதனை அளவுத் தாளும் புது சீலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். முறையான பில் கேட்பது உங்கள் உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையும் முறையற்ற வணிகச் செயலாகவே கருதுகிறது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வேலைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முதலில் பதிவு செய்துகொள்ளலாம்.

நான் பட்டறைக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். மாற்றாத நாசிலுக்கும் பில்டருக்கும் செய்யாத காலிபரேஷனுக்கும் வாங்கிய பணத்தையும், சோதிக்காமல் செய்த இன்ஜின் வேலைக்கான கூலியையும் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வெள்ளைத் தாள் கணக்கு, லேபின் அறிக்கை, கீறிய ரப்பர் குழாய், பழைய நாசில்கள், துணி பில்டர் ஆகிய எல்லாவற்றையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்வேன். அங்கே என்ன நடக்கிறது என்பதையும் எழுதுகிறேன். நாமக்கல், சேந்தமங்கலம் பகுதியில் இதேபோல் சோதனை இல்லாமல் இன்ஜினை இறக்கிய அனுபவம் யாருக்காவது இருந்தால், கணக்குத் தாளையும் பழைய பாகங்களையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.