வேதத்தைப் படிச்சு அறியிறதோ, வாழ்ந்து அறியிறதோ?

சத்தியத்தைத் தேட ரெண்டு வழி இருக்கு, ஒண்டு பைபிள் ஸ்டடி, பிரசங்கம், யூடியூப் எண்டு படிச்சுக்கொண்டே போறது, மற்றது இயேசு சொன்னதை அண்டண்டைக்குச் செய்து பாக்கிறது. படிப்பு வேணும்தான், இல்லாட்டி ஆர் என்ன சொன்னாலும் நம்பிப்போடுவம்.

ஆனா யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி எண்ட கிறிஸ்தவ உயர்கல்விக்கூடத்தைப் பாருங்கோ, 1823ல அமெரிக்க மிஷனரிமார் தொடங்கினது, கெட்டிக்காரர் கனபேர் படிச்சு வந்தவை, எண்டாலும் கனபேருக்கு அது உத்தியோகத்துக்குப் போற வழியாத்தான் இருந்தது, 1855ல மூடிப்போட்டினம். மற்றப் பக்கம் அதே மிஷனில வந்த அமெரிக்க டொக்டர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில வருத்தக்காரரைப் பாத்து, தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர், என்னைக் கேட்டா அதுவும் பிரசங்கம்தான்.

யோவான் 7:17லயும் அதுதானே இருக்கு, தேவசித்தத்தைச் செய்ய மனசுள்ளவனுக்குத்தான் உபதேசம் எங்கயிருந்து வந்தது எண்டு விளங்குமாம்.

மன்னிப்பைப் பற்றி எத்தினை பிரசங்கம் கேட்டிருப்பன், ஆனா வேலிச் சண்டையில கதைக்காம இருந்த பக்கத்து வீட்டு அன்ரியிட்ட நானாப் போய் "சுகமா இருக்கிறியளோ அன்ரி" எண்டு கேக்க, அவ ஒண்டும் பேசாம கேற்றைத் திறந்துவிட்டா பாருங்கோ, அப்பதான் மன்னிப்பு எண்டா என்னெண்டு எனக்கு உண்மையா விளங்கினது.

படிப்பை விடச் சொல்லேல்ல, ஞாயிறு கேட்ட ஒரு வசனத்தைத் திங்களே ஒருக்காச் செய்துபோட்டு பிறகு பைபிளைத் திறந்து பாருங்கோ.