பக்கத்துப் பிராக்சிமாவா, தூரத்து டிராப்பிஸ்டா?

வைகாசி மாதம் இரவு பதினொரு மணிவாக்கில் எங்கள் மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால், ஏலகிரி முகட்டுக்கு மேலே ஆல்ஃபா சென்டாரி மினுக்கும். பாலாறு ஆந்திராவிலிருந்து உள்ளே நுழைகிற புல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். இங்கிருந்து அந்த நட்சத்திரம் 16 பாகைக்கு மேல் ஏறாது. அதன் அருகிலேயே, வெறும் கண்ணுக்குத் தெரியாமல், பிராக்சிமா இருக்கிறது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் அதுதான், தூரம் 4.24 ஒளியாண்டு. அதைச் சுற்றும் 'பிராக்சிமா பி' கோளை 2016இல் கண்டுபிடித்தார்கள். டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் ஏழு கோள்களில் ஒன்றான 'இ'யோ சுமார் 40 ஒளியாண்டு தள்ளி, கும்ப ராசிப் பக்கம். பூமியைப் போன்ற கோள் எது என்று பேச்சு வந்தால் நான் எப்போதும் இந்த 'இ'யைத்தான் சொல்வேன்.

குப்பத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, கிட்ட இருக்கறத விட்டுட்டு ஏன் தூரத்துல இருக்கறதப் புடிச்சுக்கறீங்க?"

நியாயமான கேள்வி. நான் 'இ' பக்கம் நிற்பதற்குக் காரணம் நிழல். பிராக்சிமா பி இழுக்கிற இழுப்பில் அதன் நட்சத்திரம் மனிதர் நடக்கும் வேகத்தில் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவை வைத்துத்தான் கோள் இருப்பதே தெரிந்தது. எடை குறைந்தபட்சம் பூமி அளவு என்று சொல்ல முடிகிறது, குறுக்களவு தெரியாது. நம் பார்வைக்கோட்டில் அது நட்சத்திரத்தைக் கடந்து போவதில்லை. 'இ' கடக்கிறது. ஒவ்வொரு 6.1 நாளுக்கும் ஒளி இருநூறில் ஒரு பங்கு குறையும். அதிலிருந்து பூமியின் 92 சதவீதக் குறுக்களவு கிடைத்தது. எடையும் தெரியும் என்பதால் ஈர்ப்புவிசையும் தெரியும், நம்முடையதில் ஐந்தில் நான்கு பங்கு.

மாடியில் டார்ச்சை ஏற்றி, அதன் முன்னால் ஒரு மிளகை நகர்த்திக் காட்டினேன். இதே சங்கதிதான் எங்கள் பக்கத்து ஜவ்வாது மலையிலும் நடந்தது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போன நேரத்தில், அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்த ஒளிக்குறைவு பதிவான இடங்களில் அந்த மலையிலுள்ள காவலூர் வானாய்வகமும் ஒன்று. அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நிழல்மேல் நம்பிக்கை வராமல் இருக்குமா?

பிராக்சிமாவிடம் இன்னொரு சிக்கல், அதன் சீற்றம். 2016 மார்ச்சில் ஒருமுறை, தொலைநோக்கியில் மட்டுமே தெரிகிற அந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வெடித்துப் பிரகாசித்தது. அதிலிருந்து 73 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிற கோளில் காற்று தங்குமா என்பது சந்தேகமே. டிராப்பிஸ்ட்டும் சாது இல்லை. உள்ளே இருக்கிற 'பி', 'சி' கோள்களில் அடர்த்தியான காற்றுமண்டலத்தின் அறிகுறி எதுவும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்குக் கிடைக்கவில்லை. 'இ' விஷயத்தில் கதவு இன்னும் மூடவில்லை. அது போதும் எனக்கு.

போய்ச் சேரும் பேச்சே வேண்டாம். வாயேஜர் விண்கலத்தின் வேகத்தில் போனால் பிராக்சிமாவுக்கே சுமார் 75,000 ஆண்டு.

இனிக் கொஞ்சம் கற்பனை. 'இ'யில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வையுங்கள். நட்சத்திரத்தை ஒருமுறை சுற்றும் 6.1 நாள்தான் அங்கே ஒரு வருடம் என்பதால், நாம் ஒரு வருடம் கழிப்பதற்குள் அங்கே 60 வருடம் ஓடிவிடும். பிரபவ முதல் அட்சய வரை மொத்தச் சுற்றும் முடிந்து, பிள்ளைக்கு முதல் பிறந்தநாளன்றே அறுபதாம் கல்யாணம்! நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல 'இ'யும் தன் நட்சத்திரத்துக்குக் காட்டினால், ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவாகத்தான் இருக்கக்கூடும். இரவுப் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 18 நாளுக்கு ஒருமுறை, அடுத்த வெளிவட்டத்தில் சுற்றும் 'எஃப்' கோள் முழு வட்டமாக, நம் பௌர்ணமி நிலாவைவிடச் சற்றே பெரிதாகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். பிராக்சிமா பியின் வானத்திலும் ஓர் அழகு இருக்கிறது. நம் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரிகிற ஆல்ஃபா சென்டாரியின் இரண்டு சூரியன்கள் அங்கே நம் விடிவெள்ளியைவிடப் பளிச்சென்று சேர்ந்து தெரியும். ஆனாலும் என் மனசு 'எஃப்' பக்கம்தான் போகிறது.

புரட்டாசியில் கும்பம் உச்சிக்கு வரும்போது அந்த இடத்தை விரலால் காட்டுகிறேன், ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"பரவால்ல மாமா, காட்டுங்க" என்றாள்.