செல்ஃப்-ஹெல்ப் ப்ளஸ்: 30 பேருக்கு ஒரு ஒலிப்பதிவு, எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

போர் பாதித்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 22 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. அதே பகுதிகளில் பயிற்சி பெற்ற உளவள ஆலோசகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த இடைவெளிக்காக அந்த நிறுவனம் உருவாக்கிய, மன அழுத்தத்தைக் கையாளச் சொல்லித்தரும் குழு வகுப்புத் தொகுப்புதான் செல்ஃப்-ஹெல்ப் ப்ளஸ். வாரம் ஒன்றாக 5 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மணி நேரம். ஒரு குழுவில் 30 பேர் வரை உட்காரலாம். பாடத்தை நடத்துவது மனிதர் அல்ல, முன்பே பதிவு செய்த குரல். கூடவே வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு படக்கையேடு: 'டூயிங் வாட் மேட்டர்ஸ் இன் டைம்ஸ் ஆஃப் ஸ்ட்ரெஸ்', 2020இல் வந்தது. எல்லாம் இலவசமாகத் தரவிறக்கலாம். வணிக நோக்கம் இல்லையென்றால் மொழிபெயர்க்கவும் உள்ளூருக்கு ஏற்ப மாற்றவும் அனுமதி உண்டு.

இதன் பெரிய பலம் கணக்கில் தெரியும். இதே நிறுவனத்தின் இன்னொரு திட்டமான ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் ப்ளஸ், நேருக்கு நேர் 5 அமர்வு, அமர்வுக்கு 90 நிமிடம். 30 பேருக்கு அதைத் தனித்தனியே கொடுக்க 225 மணி நேரம் வேண்டும். செல்ஃப்-ஹெல்ப் ப்ளஸில் அதே 30 பேருக்கு 10 மணி நேரம். ஒலிப்பதிவை இயக்கிக் குழுவைக் கவனித்துக்கொள்ள இரண்டு வழிநடத்துநர்கள் இருந்தாலும் ஆள்நேரம் 20 மணிதான். அந்த வழிநடத்துநர்கள் மனநலப் படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை. குறுகிய காலப் பயிற்சியும், தொடர்ந்து கேட்டு வழிகாட்ட ஒரு மேற்பார்வையாளரும் போதும். திறமை ஒலிப்பதிவுக்குள் இருப்பதால் முதல் குழுவுக்குக் கிடைக்கும் தரமே நாற்பதாவது குழுவுக்கும் கிடைக்கிறது. களைத்துப்போன ஊழியர் நடத்தும் வகுப்பில் அந்த உறுதி இருக்காது.

ஐந்து அமர்வுகளிலும் சொல்லித்தருவது ஐந்து திறன்கள். முதலாவது, உணர்ச்சி கொந்தளிக்கும்போது நிலைகொள்வது: மனதில் ஓடுவதைக் கவனி, பாதங்களைத் தரையில் அழுத்து, மெல்ல மூச்சு விடு, பிறகு சுற்றிலும் பார்க்கிற, கேட்கிற, தொடுகிற பொருள்களுக்குக் கவனத்தைத் திருப்பு. இரண்டாவது, இழுத்துப்போகும் நினைப்பைக் கண்டு, அதற்கு ஒரு பெயர் சொல்லி, கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புவது. மூன்றாவது, தனக்கு முக்கியமான மதிப்பு எதுவோ அதன்படி இந்த வாரம் ஒரு சின்னச் செயலாவது செய்வது. நான்காவது, தன்னிடமும் பிறரிடமும் கனிவு. ஐந்தாவது, விரட்ட முடியாத வலிக்கு உள்ளே இடம் கொடுப்பது.

மூன்றாவது திறன்தான் இந்தத் தொகுப்பின் உயிர். எல்லாம் போன ஒருவரிடம் 'நேர்மறையாக நினையுங்கள்' என்று சொல்வது கொடுமை. இது அதைச் சொல்வதில்லை. வீடு போயிருக்கலாம், ஆனால் நல்ல தாயாக இருப்பது உங்களுக்கு முக்கியம் என்றால் இன்று பிள்ளையோடு பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்கிறது. இன்னொரு நல்ல குணம், நடந்ததை விவரித்துச் சொல்லும்படி யாரையும் அது கேட்பதே இல்லை. பேரிடர் முடிந்த கையோடு மக்களை உட்காரவைத்து அனுபவத்தை முழுக்கக் கொட்டச் சொல்லும் ஒற்றை அமர்வுகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. இருந்தும் நல்லெண்ணத்தோடு வரும் பல குழுக்கள் இன்றும் அதைத்தான் செய்கின்றன. நிதி கொடுப்பவர்கள் இதைக் கேள்வி கேட்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? உகாண்டாவின் ரைனோ முகாமில் 694 தெற்கு சூடான் அகதிப் பெண்களிடம் சோதித்தபோது, 3 மாதம் கழித்தும் மன வேதனை குறைந்தே இருந்தது. ஆனால் குறைந்த அளவு பெரிதல்ல. துருக்கியில் 642 சிரிய அகதிகளிடம் நடந்த சோதனையில், 6 மாதம் கழித்து மனநலக் கோளாறு இருந்தவர்கள் இந்த வகுப்புக்கு வந்தவர்களில் சுமார் 22 சதவீதம், வராதவர்களில் சுமார் 41 சதவீதம். மேற்கு ஐரோப்பாவில் 459 அகதிகளிடமும் தஞ்சம் கோருவோரிடமும் நடந்ததில், வகுப்பு முடிந்ததும் தெரிந்த பலன் 6 மாதத்தில் தெரியவில்லை. ஆக, எல்லா இடத்திலும் ஒரே பலன் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். மிதமான வேதனையில் இருக்கும் பெருங்கூட்டத்துக்குச் சிறிதளவு நிம்மதி, சில இடங்களில் நோய்த் தடுப்பு. இதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

இனி, எங்கே சறுக்குகிறது.

ஒலிப்பதிவுக்குக் கண் கிடையாது. பலமே பலவீனமாகும் இடம் இதுதான். மூன்றாவது வரிசையில் ஒருவர் நடுங்கத் தொடங்கினாலும் குரல் பாட்டுக்கு அடுத்த பயிற்சிக்குப் போகும். அதனால் ஒரே ஆளை வைத்து நடத்தக் கூடாது. ஒருவர் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லும் இடங்களில் சிலருக்குப் பழைய காட்சிகள் திரும்ப வரும். கண்ணைத் திறந்து வைத்தபடி தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம், எழுந்து வெளியே போய் வரலாம் என்று முதல் அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அழுகிறவரை எல்லோர் முன்னும் தேற்ற முயல்வது தவறு. அருகில் போய் உட்கார்ந்து, வெளியே வர விரும்புகிறாரா என்று மெல்லக் கேட்டால் போதும்.

ஆள் சேர்க்கும்போதே வடிகட்ட வேண்டும். தற்கொலை எண்ணம் இப்போதே அழுத்தமாக இருப்பவர், மனப்பிறழ்வு போன்ற கடும் நோய் உள்ளவர், சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாத அளவு அறிவாற்றல் பாதிப்பு உள்ளவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. அவர்களை நேரடியாக மருத்துவ உதவிக்கு அனுப்ப வேண்டும். அந்த மருத்துவ உதவி எங்கே, யாரிடம், எந்தக் கிழமை, போக வண்டி உண்டா என்பது கையில் இல்லாமல் வகுப்பைத் தொடங்குவது பொறுப்பற்ற செயல். வடிகட்டும்போது ஒருவர் 'சாக வேண்டும்போல இருக்கிறது' என்று சொல்லத்தான் போகிறார். கேட்டுவிட்டு, அனுப்ப இடமில்லை என்று சொல்ல முடியாது.

இடமும் ஒலியும் அற்பமான விஷயங்களாகத் தோன்றும். களத்தில் வகுப்புகள் அதிகம் கெடுவது இங்கேதான். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒரு சொல்லும் கேட்காது. கைப்பேசியின் ஸ்பீக்கர் 30 பேருக்குப் போதாது. முழுதாக சார்ஜ் ஏற்றிய ஸ்பீக்கரும், மாற்றாக இன்னொன்றும், இரண்டு கருவிகளில் ஒலிக்கோப்பும் வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவில் வரும் நீண்ட மௌனங்களை 'வீண் நேரம்' என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. மூச்சு விடவும் யோசிக்கவும் விட்ட நேரம் அது, தொடக் கூடாது.

ரேஷன், தண்ணீர் வண்டி, பதிவு வரிசை இவற்றோடு மோதும் நாளில் வகுப்பு வைத்தால் கூட்டம் பாதியாகிவிடும். வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். சிறு குழந்தை வைத்திருக்கும் பெண்கள் வர வேண்டுமென்றால் பக்கத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடமும் ஆளும் வேண்டும். பல சமூகங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழு வைப்பதே சரி. கூடாரத்தின் மேல் 'மனநலம்' என்று பலகை மாட்டினால் அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பயந்தே பலர் வரமாட்டார்கள். 'மன அழுத்தத்தைக் கையாளும் வகுப்பு' என்றால் வருவார்கள். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வைக்க வேண்டும்.

படக்கையேடு நன்றாக வந்திருக்கிறது. எழுத்து குறைவு, படம் அதிகம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பக்கம் பக்கமாகப் பின்தொடரலாம். ஆனால் கையேட்டை மட்டும் அச்சடித்து முகாம் முழுக்க விநியோகித்துவிட்டு 'உளசமூக ஆதரவு வழங்கினோம்' என்று எண்ணிக்கை காட்டுவது மோசடிக்கு அடுத்தபடி. மேலே சொன்ன ஆய்வுகள் சோதித்தது குழு வகுப்பை. வாரா வாரம் கூடுவதும், போன வாரம் என்ன முயன்றோம் என்று பேசுவதும், வரும் வாரத்துக்கு ஒரு செயலைத் தேர்ந்தெடுப்பதும் சேர்ந்துதான் பயிற்சி.

பேரிடரின் முதல் நாட்களுக்கு உரிய பொருள் இதுவல்ல. அப்போது வேண்டியது பாதுகாப்பான இடம், உணவு, பிரிந்த உறவினரைத் தேடித் தருவது, சரியான தகவல், பதறியவர் பக்கத்தில் அமைதியாக நிற்கும் ஒரு ஆள். 5 வாரம் ஒரே இடத்தில் இருப்போம் என்ற நிச்சயம் வந்த பிறகே இந்த வகுப்புக்கு அர்த்தம். இடம் மாறிக்கொண்டே இருக்கும் மக்களிடம் தொடங்கி இரண்டாவது வாரத்தில் அறுந்துபோவதைவிட, தொடங்காமல் இருப்பது நல்லது.

புதிய மொழியில் கொண்டுவர நினைப்பவர்கள் அச்சு, சம்பளம், மேற்பார்வைச் செலவோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் செலவையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். உரையை மொழிபெயர்த்ததும் பதிவுக்கு ஓடக் கூடாது. அந்த மக்களில் சிலரிடம் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டுகளில் வரும் வீடு, வேலை, உறவு எல்லாம் அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். செய்தி வாசிப்பவர் குரல் வேண்டாம்; அந்த வட்டாரப் பேச்சில், அவசரமில்லாமல் பேசும் ஒருவரைத் தேடுங்கள். மோதலில் ஈடுபட்ட ஒரு தரப்பின் வாடை அந்தப் பேச்சில் அடித்தால், கேட்பவர்கள் முதல் நிமிடத்திலேயே காதை மூடிக்கொள்வார்கள். இந்த வேலைக்கு மாதங்கள் பிடிக்கும். அடிக்கடி பேரிடர் வரும் இடமென்றால், அடுத்தது வருவதற்கு முன்பே பதிவைத் தயாராக வைத்திருங்கள்.