விலங்கைக் காட்டுவதாக உறுதி தரும் சஃபாரிக்குப் பணம் கட்டும் முன்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு 2025 ஜூன் இரண்டாம் வாரத்தில் நாங்கள் நால்வர் சென்று வந்தோம். நைரோபியில் இயங்கும் ஒரு பயண நிறுவனத்திடம் வாட்ஸ்அப்பிலேயே பேசி முடித்து, முழுத் தொகையையும் புறப்படும் முன்பே கட்டியிருந்தோம். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஆகிய ஐந்தையும் காட்டுவதாகவும், வில்டபீஸ்ட் எனப்படும் பெரிய மான்வகை விலங்குகளின் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி நிச்சயம் என்றும் அவர்கள் எழுத்திலேயே உறுதி கொடுத்திருந்தார்கள். அந்த உறுதியை நம்பியதில்தான் எல்லாம் தொடங்கியது.

எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் உள்ள செரங்கெட்டியிலிருந்து பெரும் மந்தைகள் மாராவுக்குள் வருவது பெரும்பாலும் ஜூலையில்தான்; அக்டோபர் வரை அவை அங்கே மேயும். மழையையும் புல்லையும் பொறுத்து அவை முன்பின்னாக நகரும் என்பதால், எந்த நாளில் எந்தத் துறையில் ஆற்றில் இறங்கும் என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டிகள்கூடச் சொல்லத் துணிவதில்லை. ஜூன் இரண்டாம் வாரத்துக்கு அதை நிச்சயம் என்று விற்றவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

அடுத்தது நுழைவுக் கட்டணம். வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்பதே 2024 முதல் நடப்பில் உள்ள கட்டணம். எங்களிடம் தலைக்கு 200 டாலர் வீதம் மூன்று நாட்களுக்கு 2,400 டாலர் வாங்கியிருந்தார்கள். தங்குமிடமோ காப்பகத்தின் செகெனானி வாயிலுக்கு வெளியே இருந்தது. முதல் நாள் மாலை நேரமாகிவிட்டது என்று சொல்லி, காப்பகத்துக்குள் நுழையாமல் வெளிப்புறத்திலேயே சுற்றிக் காட்டினார்கள். மறுநாள் காலை வாயிலில் ஓட்டுநர் கையில் இருந்த ரசீதை வாங்கிப் பார்த்தபோதுதான், நான்கு பேருக்கு 400 டாலர் என்று அச்சாகியிருப்பதைக் கண்டேன். இரண்டு நாள் நுழைவுக்கு அவர்கள் கட்டியது 800 டாலர். மீதி 1,600 டாலருக்கு இன்றுவரை கணக்கு இல்லை. லேண்ட் குரூசர் தருவதாகச் சொல்லிவிட்டு ஒன்பது பேரை அடைத்த மினிபஸ்ஸை அனுப்பியதை நான் பெரிதுபடுத்தவில்லை.

என்னால் இன்னும் மறக்க முடியாதது வேறு. அன்று காலை ஒரு கரையான் புற்றின் மேல் பெண் சிவிங்கிப்புலி ஒன்று அமர்ந்து, தொலைவில் மேய்ந்த தாம்சன் மான்களையே பார்த்துக்கொண்டிருந்தது. புற்றின் அடியில் இரண்டு குட்டிகள். முதுகில் சாம்பல் நிறக் குட்டிமயிர் இன்னும் உதிராத வயது. நாங்கள் போனபோது மூன்று வண்டிகள் நின்றன. சிவிங்கிப்புலியைக் குறிக்கும் 'டூமா' என்ற சுவாஹிலிச் சொல் ரேடியோவில் ஒலித்துக்கொண்டே இருக்க, பத்து நிமிடத்தில் 17 வண்டிகளை எண்ணினேன். வேட்டை விலங்கின் அருகே ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பது காப்பகத்தின் விதி. எங்கள் ஓட்டுநர் புல்லுக்குள் இறங்கி, சிவிங்கிப்புலிக்கும் மான்களுக்கும் நடுவே வண்டியை நிறுத்தினார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். "கிட்டத்தில் காட்டவில்லை என்று நீங்கள் புகார் செய்தால் என் வேலை போய்விடும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து விற்ற உறுதியைக் களத்தில் நிறைவேற்றும் சுமை அவர் தலையில் விழுந்திருந்தது. மான்கள் கலைந்து ஓடின. தாய் இறங்கி, குருவி கத்துவதுபோன்ற மெல்லிய ஒலியில் குட்டிகளை அழைத்துக்கொண்டு, எங்கள் வண்டியின் நிழலை ஒட்டியே நடந்துபோனது. அதன் விலா எலும்புகள் தெரிந்தன.

2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மாராவில் சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 சிவிங்கிப்புலிக் குட்டிகளே தனித்து வாழும் பருவம்வரை பிழைக்கின்றன. வண்டிகள் குறைந்த பகுதிகளில் அது 2.3. ஊர் திரும்பிய பின் இதைப் படித்தபோது, அந்த 17 வண்டிகளில் ஒன்றுக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

போக நினைப்பவர்கள், தங்குமிடம் வாயிலுக்கு உள்ளேயா வெளியேயா, எந்தெந்த நாளுக்கு எவ்வளவு நுழைவுக் கட்டணம், வண்டியில் எத்தனை பேர் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ரசீதைப் படமெடுத்து வையுங்கள். கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், நான் பார்க்கவில்லை. விலங்கைக் காட்டியே தீருவோம் என்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

1,600 டாலரைத் திருப்பிக் கேட்டு நான் மூன்று முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். ரசீதுகளின் படங்களும் அவர்கள் எழுதிக் கொடுத்த பயணத் திட்டமும் என்னிடம் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு அனுப்புகிறேன்.